வெளிப்பக்கம் திறக்கும் கதவு

செஞ்சிக் கோட்டைக்குள் நுழைகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது ராஜகிரிக் குன்றை. அடுத்து கல்யாண மகாலை. எட்டு அடுக்காய் ஒல்லியாக நிற்கும் அந்தக் கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் போவதில்லை. எனக்கு அதில் பிடித்தது கோபுரமல்ல, குழாய். மதிலுக்கு வெளியே ஏறத்தாழ 500 கெஜம் தள்ளியிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்டமண் குழாய்களில் தண்ணீரைக் கொண்டுவந்து மகாலின் மேல் தளங்களுக்கு ஏற்றியிருக்கிறார்கள். மோட்டார் கிடையாது. எந்த உயரத்தில் புறப்பட்டதோ அந்த உயரத்தைத் தொடப் பார்ப்பது தண்ணீரின் குணம். அந்தக் குணத்தை நம்பிக் குழாய் பதித்தார்கள். அரண்மனைப் பெண்கள் தங்கிய மாளிகை அது என்பார்கள். தண்ணீருக்காக அவர்கள் படியிறங்க வேண்டாம் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

யாரை மனதில் வைத்து அளவெடுக்கிறோம் என்பதுதான் கட்டுமானத்தில் முதல் கேள்வி. பொதுக் கழிப்பறையில் மட்டும் இந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் ஒரே ஆளாக இருக்கிறது: முப்பது வயது ஆண், வேட்டியோ பேன்ட்டோ கட்டியவர், முழங்கால் நன்றாக மடங்கும், கையில் பையில்லை, கூடக் குழந்தையில்லை, அவசரமும் அதிகமில்லை. இப்படி ஒருவர் ஊரில் இருக்கத்தான் செய்கிறார். ஆனால் செஞ்சி வழியாகப் போகிறவர்கள் யார் யார் என்று கொஞ்சம் நின்று பாருங்கள்.

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற பெயரில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில்; பன்னிரண்டாவது செஞ்சி. ஆக, வெளிநாட்டுப் பயணிகள் இனி கூடுதலாக வருவார்கள். அவர்களை விடுங்கள். ஊரின் பழைய கூட்டம் வேறு. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிறவர்கள், பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை சுற்றப் போகிறவர்கள், மணிலா மூட்டையோடும் நெல்லோடும் சந்தைக்கு வருகிறவர்கள், பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நூறு நூறாய் இறங்கும் பிள்ளைகள். இந்தக் கூட்டத்தில் நம் முப்பது வயது ஆண் ஒரு சிறுபான்மை.

பேருந்தில் வரும் குடும்பத்தில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "தண்ணி குடிங்க அத்தை, வெயிலு இப்படி அடிக்குது." "வேணாம்மா, அப்புறம் எங்க போறது?" இந்த இரண்டு வரிக்குள் ஓர் உடலியல் பாடமே இருக்கிறது. நம் சிறுநீரகங்கள் சாதாரண நாளில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மில்லிலிட்டர் சிறுநீரை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. சிறுநீர்ப்பையில் 150 முதல் 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் அதன் சுவரிலுள்ள நரம்புகள் முதல் தகவலை அனுப்பும். 400, 500 வரை வளர்ந்தவர்களால் அடக்க முடியும். குழந்தைக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயதோடு இரண்டைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் பையின் கொள்ளளவு மில்லிலிட்டரில் வரும். நான்கு வயதுப் பிள்ளைக்கு 180. ஒரு டம்ளர். "பஸ் ஏறுறதுக்கு முன்னாடிதானே போனே" என்று அதட்டுவதில் நியாயமே இல்லை.

கர்ப்பிணிக்குக் கருப்பை மேலிருந்து அழுத்துகிறது. அறுபது தாண்டிய ஆண்களில் பலருக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்குகிறது. வெளியேறுவது சொட்டுச் சொட்டாக, திரும்பத் திரும்ப. சர்க்கரை நோயாளிக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் குளுக்கோஸ் 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிச்சம் சிறுநீரில் வழியத் தொடங்கும், அது கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அத்தை குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்த்தியாகி, பையில் கிருமி தங்க வசதியாகிறது. கல் சேரவும் வழியாகிறது. கழிப்பறை இல்லாத ஊரின் செலவு மருந்துக்கடையில் எழுதப்படுகிறது.

இனி வரிசைக்கு வருவோம். பெண்கள் பக்கம் எப்போதும் வால் நீண்டிருக்கும், ஆண்கள் பக்கம் ஆளே இருக்காது. "உள்ளே போய் என்னதான் பண்றாங்களோ" என்று கேலி செய்கிறவர்கள் ஒரு டேனிஷ்காரரின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்னர் எர்லாங், கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை இணைப்பு போட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று கணக்கிட்டு 1909இல் ஒரு கட்டுரை எழுதினார். காத்திருப்புக் கணிதம் அங்கிருந்து வளர்ந்தது. தொலைபேசிக்குப் பொருந்திய அந்தக் கணிதம் கழிப்பறைக்கும் அப்படியே பொருந்தும்.

ஆணுக்கு ஓர் அறை, பெண்ணுக்கு ஓர் அறை என்று வைத்துக்கொள்வோம். சமத்துவம்தான். இரண்டு பக்கமும் சராசரியாக 100 வினாடிக்கு ஒருவர் வருகிறார். சில நேரம் சேர்ந்தாற்போல், சில நேரம் இடைவெளி விட்டு. ஆணுக்குச் சராசரி 60 வினாடி போதும், பெண்ணுக்கு 90 வினாடி வேண்டும். புடவையைத் தூக்கிச் செருக வேண்டும், பையை மாட்ட ஆணி தேட வேண்டும், உட்கார வேண்டும், எழ வேண்டும், சில நாட்களில் நாப்கின் மாற்ற வேண்டும். ஒன்றரை மடங்கு நேரம் என்பது அதிகமே இல்லை. அப்படியானால் காத்திருப்பும் ஒன்றரை மடங்குதானே இருக்கும்?

இல்லை. கணக்குப் போட்டால் ஆண் சராசரியாக ஒன்றரை நிமிடம் காத்திருப்பார். பெண் பதின்மூன்றரை நிமிடம்.

ஒன்பது மடங்கு! காரணம் இதுதான். ஆண்கள் அறை நூற்றில் அறுபது பங்கு நேரம்தான் நிரம்பியிருக்கிறது. திடீரென்று நாலு பேர் சேர்ந்து வந்தாலும் பிறகு வரும் சும்மா இருக்கும் நேரத்தில் பாக்கி அடைந்துவிடும். பெண்கள் அறை நூற்றில் தொண்ணூறு பங்கு நிரம்பியிருக்கிறது. ஒரு முறை பாக்கி விழுந்தால் அதை அடைக்க மிச்சம் பத்தே பங்குதான். வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல வரிசை ஏறும். அமாவாசை இரவில் ஒரே நேரத்தில் மூன்று பேருந்து வந்து நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே கணக்கின் மறுபக்கம்தான் அதிசயம். பெண்களுக்கு இன்னும் ஒரே ஓர் அறை சேருங்கள். பதின்மூன்றரை நிமிடம் ஏழு நிமிடமாகப் பாதியாகும் என்று நினைப்போம். ஏறத்தாழ 23 வினாடியாகச் சுருங்கிவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. அறை கூட்டாமல், இருக்கிற இரண்டையும் யார் வேண்டுமானாலும் போகலாம் என்று பொதுவாக்கினால் எல்லாருக்கும் சுமார் 100 வினாடி. ஆண்களுக்கு நஷ்டம் பத்து வினாடி. பெண்களுக்கு லாபம் பன்னிரண்டு நிமிடம். பெல்ஜியத்தில் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017இல் பெரிய கணக்காகப் போட்டுப் பார்த்தும் இதே திசையில்தான் விடை வந்தது. பொதுவாக இருப்பது நமக்கு ஒன்றும் புதிதல்ல. வீட்டில் ஒன்றுதான். ரயில் பெட்டியில் ஆண், பெண் என்று பிரித்ததே இல்லை. ஆனால் இருட்டிய பிறகு ஒரு பேருந்து நிலையத்தின் பின்பக்கம் அப்படி ஒரு பொது வாசலில் நம் பெண்கள் நிம்மதியாக நிற்பார்களா? இப்போதைக்கு மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். எனவே செஞ்சிக்கு என் ஓட்டு கூடுதல் அறைகளுக்குத்தான். எண்ணிக்கையில் சமம் என்ற கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு, காத்திருப்பில் சமம் வரும்வரை.

அறைக்குள் போனால் அடுத்த வழக்கு காத்திருக்கிறது: இந்தியனா, வெஸ்டர்னா? இதில் நம் பாட்டன்மார் பக்கம் அறிவியல் கொஞ்சம் சாய்கிறது. மலக்குடலின் கடைசிப் பகுதியை ஒரு தசை, தோட்டத்து டியூபை மடக்கிப் பிடித்ததுபோல, முன்பக்கமாக இழுத்து வளைத்து வைத்திருக்கிறது. நாம் நடக்கும்போதும் நிற்கும்போதும் மானம் காப்பது அந்த வளைவு. நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தால் வளைவு முழுதாக நிமிர்வதில்லை. குந்தி உட்கார்ந்தால் நிமிர்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த டோவ் சிகிரோவ் என்ற மருத்துவர் 28 பேரை மூன்று விதமாக உட்காரச் சொல்லி 2003இல் வெளியிட்ட முடிவு: வழக்கமான உயரமுள்ள இருக்கையில் சராசரி 130 வினாடி, தாழ்ந்த இருக்கையில் 114, குந்தினால் 51.

சரி, எல்லாவற்றையும் இந்தியனாகவே போட்டுவிடலாமா? ராஜகிரி 800 அடி. ஏறி இறங்கியவரின் தொடை நடுங்கிக்கொண்டிருக்கும்; அவரையே குந்தச் சொன்னால் எழுவதற்குச் சுவரைத் தேடுவார். மூட்டு தேய்ந்த அத்தைக்கோ, முழங்கால் மாற்று அறுவை செய்தவருக்கோ குந்துவது நடக்காத காரியம். இரண்டு வகையும் வேண்டும். இந்தியன் இருக்கும் அறையில் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி வேண்டும். ஓர் அடி நீளக் கம்பி எத்தனை பேருடைய முழங்காலின் வேலையைத் தோளுக்கு மாற்றிக்கொடுக்கிறது என்பதை அது இல்லாத இடத்தில்தான் உணர்வோம். பிடிமானத்துக்கு நாம் தண்ணீர்க் குழாயைப் பற்றுவோம். அது ஒரு நாள் கையோடு வந்துவிடும்.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்குக் கழிப்பறை என்பது ஒரு தொடர் சோதனை. ஒன்றில் தோற்றாலும் மற்றதெல்லாம் வீண். நம்மூரில் குளியலறை, கழிப்பறைக் கதவென்றால் இரண்டரை அடி. நிலையைக் கழித்தால் இரண்டடி சொச்சம் மிஞ்சும். சக்கர நாற்காலியின் அகலமே அதை ஒட்டி வரும். சக்கரத்தைத் தள்ளும் கையின் முட்டி வேறு இருபுறமும் நீளும். அதனால்தான் கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பார்கள். உள்ளே திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வட்டம் காலியாக வேண்டும். அதில் குப்பைக்கூடையைக் கொண்டுபோய் வைத்தால் வட்டம் போச்சு. இருக்கையின் உயரம் தரையிலிருந்து 450 முதல் 480 மில்லிமீட்டர். ஏன் இந்த எண்? நாற்காலியின் இருக்கையும் ஏறத்தாழ அதே உயரம். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்து மாறிக்கொள்ளலாம். ஒன்று தாழ்ந்தால் போகலாம், திரும்ப ஏற முடியாது. கைகழுவும் தொட்டிக்குக் கீழே தூண் இருக்கக் கூடாது, முழங்கால் நுழைய இடம் வேண்டும். ஆபத்துக்கு இழுக்கும் சிவப்புக் கயிறு தரையை நெருங்கித் தொங்க வேண்டும், ஏனென்றால் அதை இழுக்கப்போகிறவர் அப்போது தரையில் கிடப்பார். தரை துடைக்கும்போது இடைஞ்சல் என்று அதை மேலே சுருட்டிக் கட்டிவிடுவது நம் வழக்கம்.

எனக்கு மிகவும் பிடித்த விதி கதவைப் பற்றியது. அது வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். சின்ன அறையில் ஒருவர் மயங்கி விழுந்தால் பெரும்பாலும் கதவில் சாய்ந்துதான் விழுவார். உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் அவர் உடம்பே தாழ்ப்பாளாகிவிடும். கீலை இந்தப் பக்கம் வைப்பதா அந்தப் பக்கம் வைப்பதா என்பதற்குச் செலவில் எந்த வித்தியாசமும் இல்லை. அறையும் அரைக் கதவு அளவு பெரிதாகிறது. சக்கர நாற்காலிக்காரருக்காக எழுதிய விதி, மாரடைப்பு வந்த பெரியவரையும் குழந்தையோடு உள்ளே திணறும் தாயையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது.

பார்வை குறைந்தவர்களுக்குச் செய்ய வேண்டியது இன்னும் எளிது. வெள்ளைச் சுவரில் வெள்ளை இருக்கை, வெள்ளைத் தொட்டி என்று வைத்தால் அவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு பட்டை கருநீல ஓடு ஒட்டினால் எல்லாம் தோன்றிவிடும். பெயர்ப்பலகையையும் பாருங்கள். 'ஆண்கள்', 'பெண்கள்' இரண்டும் நான்கெழுத்து, மூன்று எழுத்து ஒன்றே. கண் மங்கியவருக்கு முதலெழுத்து மட்டுமே துணை. பலகையின் நிறத்தையாவது மாற்றி வைக்கலாம்.

இரண்டு வாசல் வைத்தால் எந்த வாசலிலும் சேராதவர்கள் சிலர் உண்டு. வளர்ந்த மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு, கூட்டிவந்தவர் அம்மா. எந்தப் பக்கம் போவார்? நினைவு தப்பிய மனைவியைக் கைப்பிடித்து அழைத்துவரும் எழுபது வயதுக் கணவர்? அதே கேள்விதான் திருநங்கையருக்கும். கூவாகம் இங்கிருந்து தூரமில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் விழுப்புரத்தில் வந்து கூடுகிறார்கள். 2008இலேயே அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு. அவர்களுக்குப் பொதுக் கழிப்பறை வசதி செய்து தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 தீர்ப்பில் சொன்னது. தனி வாசல் ஒன்று வைத்து அதற்குத் தனிப் பெயர்ப்பலகை மாட்டினால், நுழைகிறவர் யார் என்று ஊருக்கே அறிவித்ததாகிவிடும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். யாருக்கென்றும் எழுதாத, உள்ளேயே கைகழுவும் தொட்டியும் ஒரு மேடையும் கொண்ட, அகலமான தனியறை ஒன்று இருந்தால் அம்மா, கணவர், திருநங்கை, கைக்குழந்தைக்காரர் எல்லாருக்கும் ஆகும். பிரிட்டனில் 2006 முதல் நடக்கும் ஓர் இயக்கம் இதில் ஒரு படி மேலே போய், பெரியவர்களையே படுக்கவைத்து உடை மாற்றும் மேடையும் தூக்கியும் வேண்டும் என்று கேட்டு, ஊர் ஊராகக் கட்டவைத்திருக்கிறது.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2012இல் தாம்பரத்தில் வந்த 'நம்ம டாய்லெட்' ஞாபகமிருக்கிறதா? அச்சில் வார்த்த நார்ப்பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்து நிறுத்திய அறைகள். மூலை முடுக்கு இல்லாததால் அழுக்கு தங்க இடமில்லை, மேலே கீழே சாளரப் பலகைகள் வழியாகக் காற்றும் வெளிச்சமும். சக்கர நாற்காலிக்கான அறை பின்னால் ஒட்டிய இணைப்பாக இல்லாமல் வடிவமைப்பிலேயே இருந்தது. நல்ல யோசனை. ஆனால் எந்தக் கழிப்பறையின் ஆயுளும் திறப்பு விழாவில் முடிவாவதில்லை, அதைக் கழுவுகிறவர் கையில்தான் இருக்கிறது.

அந்தக் கையைப் பற்றியும் கொஞ்சம். புதிய சிறுநீருக்கு வாடை குறைவு. அதிலுள்ள யூரியாவைத் தரையிலும் குழாயிலும் வாழும் பாக்டீரியா உடைக்கும்போதுதான் கண்ணைக் கரிக்கும் அம்மோனியா கிளம்புகிறது. கூடவே காரத்தன்மை ஏறி, கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட்டோடு சேர்ந்து மஞ்சள் பாறையாகப் படிகின்றன. படிவின் சொரசொரப்பில் இன்னும் பாக்டீரியா, இன்னும் அம்மோனியா. உடனுக்குடன் தண்ணீர் ஊற்றினால் இந்தச் சங்கிலியே தொடங்காது. தண்ணீர் இல்லாத இடத்தில் ஆசிட் பாட்டில் வருகிறது, பிறகு பிளீச்சிங் பவுடர். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. ஜன்னலில்லாத அறைக்குள் அதை முதலில் சுவாசிப்பவர் துப்புரவுப் பணியாளர். பயனாளர் பட்டியலில் அவர் பெயரை யாரும் எழுதுவதில்லை. கழிப்பறைக்குள் தினமும் பல மணி நேரம் இருப்பவர் அவர் ஒருவர்தான். துடைப்பம் வைக்க அவருக்கு ஓர் அலமாரி கொடுக்காவிட்டால், மாற்றுத்திறனாளி அறைதான் அலமாரியாகும். பூட்டிய அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

செஞ்சிக்கே உரிய சிக்கலென்று எல்லாரும் சொல்வது தொல்லியல் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆனால் 2010இல் திருத்திய அந்தச் சட்டமே 'கட்டுமானம்' என்றால் என்னவென்று விளக்கும் இடத்தில், வடிகாலையும் பொதுக் கழிப்பிடத்தையும் கட்டுமானக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், அது வேறு. சட்டம் எழுதியவருக்கும் எப்போதோ அவசரம் வந்திருக்கும் போலிருக்கிறது.

மெய்யான சிக்கல் பாறை. இந்த ஊரில் மண்வெட்டி சீக்கிரமே கல்லில் மோதும். பள்ளம் தோண்ட முடியாத இடத்தில் செப்டிக் டேங்கை ஆழமில்லாமல் கட்டி, அதன் தலைமேல் கழிப்பறையை ஏற்றிவிடுவார்கள். தரை இரண்டடி உயரும். வாசலில் நாலு படி முளைக்கும். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி; ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். அந்த விதிப்படி ராஜகிரி உச்சிக்குச் சாய்தளம் போட்டால் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் வரும்; அதை யாரும் கேட்கவில்லை. இரண்டடிக்கு 24 அடி. அதற்கு இடமில்லை என்று பன்னிரண்டடியில் செங்குத்தாக ஒன்றைப் போட்டு, சக்கர நாற்காலிப் படமும் வரைந்துவிடுகிறார்கள். அதில் ஏற இரண்டு பேர் தள்ள வேண்டும். இறங்கும்போது நாலு பேர் பிடிக்க வேண்டும்.

கழிப்பறையைத் தரைமட்டத்தில் வைத்து டேங்கை மட்டும் சரிவின் கீழ்ப்பக்கம் தள்ளி வைத்தால் படியே வராது. நாலங்குலக் குழாய்க்கு 40க்கு ஒன்று சரிவு போதும்: பத்து மீட்டர் தூரத்துக்கு 25 சென்டிமீட்டர் இறக்கம். மலையடிவாரத்தில் அந்தச் சரிவுக்கா பஞ்சம்? 500 கெஜத்துக்கு மண் குழாய் பதித்தவர்களின் ஊர் இது. அவர்கள் தண்ணீரை ஏற்றினார்கள். நாம் இறக்கத்தான் வேண்டும்.